இருக்கிற பையன்களை வைத்து ஆட்டத்தை அமைப்பது எப்படி? மலையகப் பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்களுக்கு

பாடசாலை அணிக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரைப் போட்டவுடன் அவர் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: சனிக்கிழமை இரவு மன்செஸ்டர் சிட்டி ஆடியதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கரும்பலகையில் 4-3-3 (பின்னால் நான்கு பேக், நடுவில் மூன்று, முன்னால் மூன்று) என்று வரைந்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பையனின் பெயரை எழுதுவது. எழுதி முடிக்கும்போது இடது பேக்குக்கு ஆள் இருக்காது, முன்னால் நிற்க மூன்று பேர் அடிபடுவார்கள், நடுவில் நிற்கச் சொன்னவனுக்கு அங்கே என்ன வேலை என்றே தெரியாது. சிட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்குவார்கள். நமக்குத் தோட்டங்களில் இருந்து வரும் பதினெட்டு பேர்தான். அதில் நான்கு பேருக்குச் சாதாரண தரப் பரீட்சை, இரண்டு பேருக்கு ஸ்டட்ஸ் வைத்த சப்பாத்து இல்லை, ஒருவன் மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் வீடு வரைக்கும் நடைதான். ஆகவே பெயர்களை முதலில் எழுதுங்கள், படத்தை அப்புறம் வரையலாம்.

முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும்

நான்குக்கு நான்கு, சின்ன இடம், கோல் கீப்பர் கிடையாது, கல் வைத்த கோல். இதை ஆடவிட்டு நீங்கள் ஒரு கொப்பியோடு ஓரத்தில் நில்லுங்கள். விசிலைப் பொக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆட்டத்தில் யாரும் ஒளிய முடியாது, பந்து எல்லோர் காலுக்கும் வந்தே தீரும். பதினொருவர் ஆட்டத்தில் சத்தம் போடுபவனும் வேகமாக ஓடுபவனும்தான் கண்ணில் படுவார்கள்.

கொப்பியில் 'நல்லவன், சுமார், மோசம்' என்று எழுதிப் பிரயோசனம் இல்லை. என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். பந்து வருவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்க்கிறானா? முதல் தொடுகையில் பந்தை எந்தப் பக்கம் தள்ளுகிறான்? பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று செக்கனில் துரத்துகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? ஆள் நெருக்கினால் பதறிப்போய் உதைத்துவிடுகிறானா, உடம்பை இடையில் போட்டுப் பந்தை மறைக்கிறானா? உயரமாக வரும் பந்துக்குக் கண்ணை மூடுகிறானா? யார் பேசுகிறான், அவன் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விட்டுவிட வேண்டாம். உயரம், வேகம் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். யார் சொன்னால் மற்றவன் நகருகிறான் என்பது பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும், நடுப் பின்களத்துக்கு அந்தப் பையன்தான் வேண்டும்.

ஒரு பையனைப் பற்றி நான் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: இடது கால் மட்டும், பந்தை வாங்கும்போது ஆளுக்கு முதுகைக் காட்டுகிறான், இரண்டு பேர் சேர்ந்து வந்தாலும் பதறவில்லை, நீளப் பாஸ் கிடையாது. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஆடி வளர்ந்தவன் அவன். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கான், அதற்குக் கீழே தேயிலை. பந்து இறங்கினால் மிலாறு (தேயிலைக் குச்சி) காலைக் கிழிக்க உள்ளே போய்த் தேட வேண்டும், தேடிவிட்டு மேலே ஏறிவர வேண்டும். அதனால் பந்தைக் காலைவிட்டுப் போகவே விடமாட்டான். அப்படிப்பட்டவனை வேகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விங்கில், கோட்டோரமாக நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஒரு மட்சில் பத்துத் தடவை பந்து வந்தால் அதிகம். நடுவில், எதிரணியின் இரண்டு மத்தியகள வீரர்களுக்கு இடையில் கொண்டுவந்து நிறுத்தியதும் ஆட்டமே அவன் வழியாகப் போகத் தொடங்கியது. அவனுக்கு நான் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை.

மைதானத்தையும் கணக்கில் எடுங்கள்

விதிப்படி மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீற்றர், அகலம் 45 முதல் 90 மீற்றர். அதாவது விதிக்கு உட்பட்ட இரண்டு மைதானங்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு அகலமாக இருக்கலாம். தோட்டத்து மைதானங்கள் மலையை வெட்டி எடுத்த தட்டுகள். பலவற்றில் அந்தக் குறைந்த அளவு கூட வராது. இதில் ஆடிய பையன்கள் நெரிசலில் கெட்டிக்காரர்கள், ஆனால் கண்டி போகம்பரையிலோ கொழும்பு சுகததாசவிலோ இறக்கிவிட்டால் ஒருவருக்கொருவர் இருபது மீற்றர் தள்ளி நின்றுகொண்டு, கொடுக்கத் தெரியாத தூரத்துக்குப் பாஸ் கொடுக்கப் பார்ப்பார்கள். 'மைதானம் பெரிதாகிவிட்டது சேர்' என்று அவர்களே சொல்வார்கள்.

இதற்கு மருந்து, பெரிய மைதானத்திலும் சின்ன மைதானத்தை உண்டாக்கிக்கொள்வது. பந்து வலப்பக்கம் இருந்தால் நம் பத்துப் பேரும் வலப்பக்கம் நகர வேண்டும்; இடப்பக்கக் கோட்டோரத்தில் நிற்கும் எதிரணி விங்கரைத் தனியாக விட்டுவிடலாம். பயப்படாதீர்கள். பாடசாலை மட்டத்தில் நாற்பது மீற்றருக்குக் குறுக்கே பந்தைக் கச்சிதமாக அனுப்பக்கூடியவன் ஓர் அணியில் ஒருவன் இருந்தாலே பெரிது. அந்த ஒருவன் யார் என்பதை அவர்கள் வோர்ம்-அப் செய்யும்போது பார்த்து வைத்துக்கொண்டு, நம்மிடம் சளைக்காமல் ஓடக்கூடிய ஒருவனை அவன் மேல் விடுங்கள்.

உயரமான இடத்துப் பையன்களுக்கு மூச்சு தாங்கும், கீழே போனால் நாம்தான் ஜெயிப்போம் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிது, பந்து கொஞ்சம் வேகமாகப் போகும், அதெல்லாம் சரி. ஆனால் குளிருக்குப் பழகிய உடம்பு கொழும்பின் புழுக்கத்தில் ஒரு மணிக்கு மட்ச் ஆடினால் இருபதாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கீழே போகும் நாளில் ஓடித் துரத்தும் ஆட்டத்தை முதல் கால் மணிக்கும், இடைவேளை முடிந்து வந்த கால் மணிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரம் பாதி மைதானத்துக்குள் இறங்கி நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் போத்தலை யார் தூக்குவது என்பதையும் முதல் நாளே தீர்த்துவிடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் மழைக்குச் சொல்லத் தேவையில்லை. மட்சுக்கு முன் நீங்களே இறங்கிப் பந்தை நான்கு இடங்களில் உருட்டிப் பாருங்கள். உருளாமல் நின்றால் அன்றைக்குச் சின்னப் பாஸ் ஆட்டம் கிடையாது, எவ்வளவு பழகியிருந்தாலும் கிடையாது. இன்னொன்று, 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு டொஸ் வென்றவர் எந்தப் பக்கம் அடிப்பது என்பதையோ, முதல் உதையையோ தெரிவு செய்யலாம். நம் மைதானங்களில் எப்போதும் பக்கத்தைக் கேளுங்கள், முதல் பாதியில் சரிவு இறங்கும் திசையில் அடியுங்கள். பின்னேரம் ஆக ஆக மழையும் மிஸ்ட்டும் வந்து இரண்டாம் பாதி எப்படியும் கெடும். கையில் இருக்கும் நல்ல நாற்பது நிமிடத்தை முதலிலேயே எடுத்துக்கொள்வது புத்தி.

யார் இருந்தால் எந்த ஆட்டம்

கொப்பியைத் திறந்து, அணியில் மிகச் சிறந்த இரண்டு பேரையும் கீப்பரையும் மட்டும் முதலில் பாருங்கள். மற்ற எட்டுப் பேரையும் இந்த மூவரைச் சுற்றித்தான் அடுக்க வேண்டும்.

கீப்பரிடமோ பின்களத்திலோ தூரமாக உதைக்கும் கால் ஒன்று, முன்னால் மின்னல் மாதிரி ஒருவன், நடுவில் யாருமே இல்லை என்றால் 4-4-2 போதும். கீழே இறங்கி நின்று, பந்து கிடைத்ததும் எதிரணியின் பேக்குகளுக்குப் பின்னால் அனுப்புங்கள். கோல் கிக், த்ரோ, கோர்னர் மூன்றிலும் நேரடியாக வரும் பந்துக்கு ஓப்சைட் கிடையாது என்பது நிறையப் பையன்களுக்குத் தெரியாது. கோல் கிக்கின்போது உங்கள் வேகக்காரன் எதிரணிக் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் தாராளமாக நிற்கலாம். அவன் அங்கே நிற்பதைப் பார்த்தவுடன் அவர்களின் பின்களம் பத்து மீற்றர் இறங்கும், நடுவில் இடம் கிடைக்கும்.

எல்லோரும் குள்ளம், ஆனால் பந்து காலில் ஒட்டும் என்றால் நடுவை நெருக்கமாக்குங்கள்: நான்கு பேக், வைரம் மாதிரி நான்கு மத்தியகளம், இரண்டு முன்களம். விங் வேண்டாம், கிரொஸ் வேண்டாம், கோர்னர் கிடைத்தால் பக்கத்தில் ஒருவனிடம் சின்னதாகக் கொடுத்துத் தொடங்குங்கள். குட்டையான அணிக்குப் பெரிய தலைவலி எதிரணியின் கோர்னர்தான், ஆகவே கோட்டுக்கு வெளியே தட்டிவிடும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே நிறுத்துங்கள். நெருக்கடியில் கோல் கோட்டுப் பக்கம் போகாமல் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே அடிக்கட்டும், த்ரோதானே போகும்.

மூன்று தடித்த டிஃபெண்டர்கள் இருந்து, இரு பக்கமும் ஏறி இறங்கச் சளைக்காத இரண்டு பேர் கிடைத்தால் 3-5-2 நன்றாக வரும். நாளுக்கு இரண்டு தடவை மலை ஏறிப் பாடசாலைக்கு வந்துபோகும் பிள்ளைகளில் அந்த இரண்டு பேரைத் தேடுவது கஷ்டம் இல்லை.

எல்லோரும் தடுமாறுவது, ஒரே ஒருவன் மட்டும் திறமையில் மற்றவர்களைவிட மிக மேலே இருக்கும்போதுதான். அவனை முன்னால் நிறுத்திவிட்டுப் பந்து போகும் என்று காத்திருப்பார்கள், பந்து போகாது. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டினாவின் பயிற்றுவிப்பாளர் ஸ்கலோனி என்ன செய்தார் என்று பாருங்கள். மெஸ்ஸிக்கு 35 வயது, அவர் துரத்தி ஓடப் போவதில்லை. அதனால் டி போல், என்ஸோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர் என்று ஓடக்கூடிய மூன்று பேர் அவருக்குப் பின்னால். நெதர்லாந்துடன் காலிறுதியில் பின்னால் மூன்று நடு பேக்குகள். பிரான்ஸுடன் இறுதியாட்டத்தில் திரும்ப நான்கு, டி மரியா இடப்பக்கம். வடிவம் மாறிக்கொண்டே இருந்தது, மெஸ்ஸி பந்தை வாங்கும் இடமும் அவருக்காக ஓடும் ஆட்களும் மாறவில்லை. நாமும் அப்படித்தான்: நட்சத்திரத்தை மத்தியகளத்தின் முன்பகுதியில் வையுங்கள், அவன் விட்டுவரும் இடத்தை மூட ஒருவனைப் பக்கத்தில் போடுங்கள். அந்த ஒருவனை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மட்சில் 'நான் ஏன் சேர் அவனுக்காக ஓட வேணும்?' என்று கேட்பான், கேட்பதில் நியாயமும் இருக்கும்.

அமெரிக்கக் கல்லூரிகளிடம் ஒரு பாடம்

அமெரிக்கக் கல்லூரிகளின் புட்போல் வேறு விளையாட்டு. நீளுருண்டைப் பந்து, தலைக்கவசம், கையால் எறிவது. ஆனாலும் அந்தப் பயிற்றுவிப்பாளர்களுக்கும் நமக்கும் ஒரு பொதுத் தொல்லை உண்டு: மாணவன் சில வருடங்களில் போய்விடுவான், அடுத்து வருபவன் வேறு மாதிரி இருப்பான். அமெரிக்கக் கடற்படை அகாடமி அணி 2001 இல் ஆடிய பத்து மட்சிலும் தோற்றது. படிப்பு முடிந்ததும் படைச் சேவைக்குப் போக வேண்டிய மாணவர்கள், உடல் எடைக்கு வரம்பு உண்டு. மற்றக் கல்லூரிகளில் நிற்கும் 130 கிலோ ஆட்கள் அங்கே கிடைக்கமாட்டார்கள். 2002 இல் பொறுப்பெடுத்த போல் ஜோன்சன், இடித்துத் தள்ளும் ஆட்டத்தில் இவர்களை நிறுத்தவில்லை. எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். பந்தோடு ஓடுபவன் அவனையே பார்ப்பான். அவன் உள்ளே வந்தால் பந்து வெளியே போகும், வெளியே போனால் பந்து உள்ளே போகும். பெரிய ஆளை நகர்த்தவே தேவை இல்லை. முதல் வருடம் இரண்டே வெற்றி, 2003 இல் எட்டு. (அந்த முதல் வருடத்தைப் பற்றி அதிபரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.)

இதை நம் ஆட்டத்துக்கு இப்படிக் கொண்டுவரலாம். எதிரணி பின்னாலிருந்து பந்தைக் கொண்டுவரும்போது அவர்களின் நான்கு பேக்கில் காலில் பந்து நிற்காத ஒருவன் கட்டாயம் இருப்பான். மற்ற மூவரையும் மூடுங்கள், அவனை மட்டும் விட்டுவிடுங்கள். பந்து அவனிடம்தான் போகும், போக வைப்பதே திட்டம். போன நொடியில் முன்களத்தில் இருவர் பாயட்டும், பின்னால் உள்ளவர்கள் அவன் பார்க்கும் பக்கத்தை அடைக்கட்டும். சின்ன உடம்பும் வேகக் காலும் உள்ள அணிக்கு இதைவிட மலிவான ஆயுதம் எனக்குத் தெரியாது.

பயிற்சியில் எப்படிப் பழக்குவது

ஒன்றரை மணிக்கு மணி அடித்தால் பையன்கள் சாப்பிட்டு இறங்க இரண்டு மணி, மூன்றரைக்கு பஸ், இடையில் மழை. உண்மையில் கையில் இருப்பது ஒரு மணித்தியாலம்தான். அதில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு இருபது நிமிடத்தைக் கரைப்பது அநியாயம், மலை ஏறும் பிள்ளைகளுக்கு ஓட்டம் ஏற்கனவே இருக்கிறது.

ஒரு தவணைக்கு ஒரு வடிவம், மூன்று சொல், அவ்வளவுதான். 'விடு' என்றால் அந்த பேக்கை விடுவது, 'பாய்' என்றால் நெருக்குவது, 'சுருங்கு' என்றால் பந்துப் பக்கம் நகர்வது. சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி. 'பாய்' பழக்க, பாதி மைதானத்தில் ஐந்து பேர் பின்னாலிருந்து பந்தைக் கொண்டுவரட்டும், ஆறு பேர் நெருக்கிப் பறிக்கட்டும். அந்த ஐந்து பேரில் ஒருவனுக்குச் சிவப்புச் சட்டை மாட்டுங்கள். அவன் காலுக்குப் பந்து போய் ஆறு செக்கனுக்குள் பறித்துக் கோல் அடித்தால் இரண்டு புள்ளி, வேறு எவனிடம் பறித்து அடித்தாலும் ஒன்று. கொஞ்ச நேரத்திலேயே பையன்கள் தாங்களாகப் பந்தைச் சிவப்புச் சட்டைப் பக்கம் விரட்டத் தொடங்குவார்கள். நீங்கள் விளக்கம் சொல்லி வாய் வலிக்கத் தேவை இல்லை. சிவப்புச் சட்டையை மட்டும் நாளுக்கு நாள் ஆள் மாற்றிப் போடுங்கள், ஒருவனுக்கே போட்டால் அது பட்டப்பெயராகிவிடும்.

இடம் மாற்றும்போது எப்படிச் சொல்வது

வரைபடம் சரியாக இருந்தும் அணி உடைவது இங்கேதான். இத்தனை நாள் முன்னால் நின்றவனைப் பின்னால் போகச் சொன்னால் அவனுக்கு அது தண்டனை, அவன் அப்பாவுக்கு அவமானம். பெயர்ப் பட்டியல் வாசிக்கும்போது சொல்லவே வேண்டாம். பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

"தம்பி, நாளைக்கு வலது பேக்ல நில்லு."

"நான் போவர்ட் தானே சேர்?"

"போன மட்சில உனக்குப் பந்து எத்தனை தடவை வந்துச்சு?"

கொஞ்சம் யோசிப்பான். "நாலஞ்சு தடவை சேர்."

"பேக்ல நின்னா முப்பது தடவை வரும். முன்னுக்குப் பார்த்துக்கிட்டே வாங்கலாம். ஏற வேணாம்னு நான் சொல்லல."

பொய் சொல்ல வேண்டாம், கொப்பியில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். ரெண்டு மட்ச் பார்ப்போம் என்று காலமும் குறித்துக் கொடுங்கள்.

வெளியே உட்காரவைக்கும் பையனை மறந்துவிடுவது அடுத்த தவறு. 2018 ஜனவரியில் ஜோர்ஜியா அணியுடன் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டத்தில், அலபாமா அணி இடைவேளையில் 0-13 என்று பின்னால் நின்றபோது அதன் பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் அந்த சீசன் முழுக்க ஆடிய ஜலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, டூவா டகோவைலோவா என்ற முதலாம் வருடப் பையனை இறக்கினார். 26-23 என்று வென்றார்கள். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே வருடம் டிசெம்பரில் டூவாவுக்கு அடிபட்டபோது, அதே ஜோர்ஜியா அணிக்கு எதிராக உள்ளே வந்து ஆட்டத்தைத் திருப்பியவர் அவர்தான். எத்தனை மாற்று வீரர்கள் என்பதைப் போட்டிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவனிடமும் 'இன்ன நிலைமை வந்தால் நீ இறங்குவாய்' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பலவீனமான பையனுக்கு ஓர் இடம்

எல்லா அணியிலும் ஒருவன் இருப்பான். அவனை நடுவில் நிறுத்த முடியாது, முன்னால் விட்டால் நெருக்கும் வேலை கெடும். பக்கத்து பேக் இடம்தான் பாதுகாப்பு, அதிலும் உங்கள் பெஞ்ச் இருக்கும் பக்கத்துக் கோட்டோரம். 'உள்ளே வா, திரும்பிப் பார்' என்று நீங்களே சொல்லலாம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், அவன் அந்தக் கரைக்குப் போய்விடுவான், உங்கள் சத்தம் கேட்காது. அப்போது இரண்டு பக்கத்து பேக்குகளையும் மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பேசும் பையனை அவன் பக்கத்து நடு பேக்காக நகர்த்துங்கள்.

பரீட்சை எழுதும் செட் போனதும் அந்த வடிவத்தையும் அவர்களோடு அனுப்பிவிட்டு, நான்குக்கு நான்கு, கொப்பி என்று திரும்பத் தொடங்க வேண்டியதுதான். கீப்பர் மட்டும் அப்படி இல்லை. அவனை உருவாக்க அதிகக் காலம் பிடிக்கும். இப்போதே எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில், கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவன், வொலிபோலில் விழுந்து எடுப்பவன் யார் என்று பார்த்து, ஒரு சோடிக் கையுறையை அவன் கையில் கொடுத்து வையுங்கள்.